தண்ணீர்மலைத் தோட்டமும் பால்மரத்து அத்தையும்

டீச்சரைக் கேளுங்கள்

போன இதழில், காலை நடைக்குப் போகுமிடம் என்று பினாங்கின் தாவரத் தோட்டமான தண்ணீர்மலைத் தோட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்கு வந்த கடிதங்கள், தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு வராத அளவு. முட்டைக்கோஸில் புழு, மல்லிகை பூக்கவில்லை வகையறாக்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கட்டும்.

*பலகையில் 'தாமான் பொட்டானி' என்றுதான் இருக்கிறது. நீங்கள் தண்ணீர்மலை என்று எழுதினால் வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் புரியும்? (ஈப்போ வாசகர்)*

புரியாவிட்டால் கேட்பார்கள், நீங்கள் கேட்டது போல. அருவி விழுகிற பள்ளத்தாக்கு அது. வெள்ளைக்காரர்கள் 'வாட்டர்ஃபால் கார்டன்ஸ்' என்றார்கள். மலாய்க்காரர்கள் கெபுன் பூங்கா என்கிறார்கள், பூந்தோட்டம் என்று அர்த்தம். பினாங்குத் தமிழர்களுக்கு அந்த வட்டாரம் முழுவதுமே தண்ணீர்மலைதான். முருகன் கோயிலும் அதே பெயரில்தான். மலாயில் 'பூங்கா' என்றால் பூ. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தார்கள். முதல் சில வருஷம் நான் திருத்தவும் இல்லை, கேட்க நன்றாக இருந்தது.

*என் அத்தைக்கு 74 வயது. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று, பினாங்கு கெபுன் பூங்காவுக்குப் போய் வரலாம் என்றேன். "தோட்டத்துலேருந்து தப்பிச்சு வந்தவள மறுபடியும் தோட்டத்துக்கா கூட்டிட்டுப் போற?" என்று சிரிக்கிறார். கணவர், "விட்டுடு, மரத்தைப் பார்க்க யாராவது பெட்ரோல் செலவு பண்ணுவாங்களா" என்கிறார். முழங்கால் வலியும் உண்டு. கூட்டிப் போகலாமா? (ஒரு மருமகள், சுங்கை பட்டாணி)*

கூட்டிப் போங்கள். ஆனால் அத்தை சிரித்துக்கொண்டு சொன்னதை வெறும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் கிணறும் வாழையும் கண்ணுக்கு வரும். இந்த நாட்டில் நம் சனத்துக்குத் தோட்டம் என்றால் லயத்து வரிசை வீடு, விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டு, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் தண்டல், மழை நாளில் பாதிச் சம்பளம். என் அம்மாவும் வெட்டுக்காரிதான், அதே கூலிம் பக்கம். எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்த புதிதில், பெருமையாக அவரை இந்தத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, உச்சி வெயில். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பலகையைப் படித்துத் தமிழில் சொன்னேன். 1884-இல் சார்லஸ் கர்டிஸ் என்ற துரை, கருங்கல் வெட்டிப் போட்ட பள்ளத்தை எடுத்துத் தோட்டமாக்கினார் என்று வரலாறும் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இவ்வளவு எலையையும் யாரு கூட்டுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். பல வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் அவர் என்னோடு வந்து இருந்த காலத்தில் ஒரு பெரிய பாடு. காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்குப் போன உடம்பு, ஓய்வு பெற்று எத்தனை வருஷமானாலும் நாலு மணிக்குக் கண் விழித்துவிடும். பாத்திரத்தை உருட்டுவார், வாசலைக் கூட்டுவார், என் கணவரின் தூக்கம் போகும். தாங்காமல் ஒருநாள் காரில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் தண்ணீர்மலைக்குப் போனேன். தோட்டம் பார்க்க அல்ல, அவரை எங்காவது நடக்க விட.

அன்று அவர் எனக்கு முன்னால் நடந்தார். ஈரமும் அரை இருட்டும் பழகியவர். ஒரு பெரிய மரத்தண்டில் உள்ளங்கையை வைத்தார், கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தார், "இதுக்குப் பட்டை தடிப்பு, உளி எறங்காது" என்றார். அடுத்த மரத்துக்குப் போனார். எந்த மரம் உள்ளே பொக்கை, எதன் வேரில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் கிளை வரும் மழைக்கு விழும் என்று சொல்லிக்கொண்டே போனார். பலகையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கு மரத்தைக் கண்டதும், "இதையுமா காட்சிக்கு வெச்சிருக்கான்" என்று சிரித்தார். இந்தத் தீவின் பெயரே பாக்கிலிருந்து வந்ததுதான், மலாயில் பினாங் என்றால் பாக்கு என்றேன். "அப்ப சரி" என்றார். இலை கூட்டுகிற அம்மா ஒருவரைப் பிடித்து, எந்த ஊர், எத்தனை மணிக்கு வேலை, நாள் சம்பளமா மாதச் சம்பளமா என்று விசாரித்தார். பழைய கேள்விக்குப் பதிலை அவரே தேடிக்கொண்டார்.

"இந்நேரத்துல மரம் நல்லா பால் விடும்" என்று அன்று அம்மா சொன்னார். அது சரிதான். இரவுக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் மந்தமாகும். அதனால்தான் உங்கள் அத்தையும் என் அம்மாவும் இருட்டில் தலைவிளக்கோடு மர நிரைக்குப் போனார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து நான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு மங்கில், அந்தப் பால் கிண்ணத்தில், விழுகிற சொட்டு சொல்லிக் கொடுத்தது.

உங்கள் அத்தையின் கேலியில் அவருக்கே தெரியாத ஓர் உண்மை உண்டு. அவர் 'தப்பித்து வந்த' தோட்டம் பிறந்ததே இப்படிப்பட்ட தாவரத் தோட்டங்களில்தான். பால்மரம் பிரேசில் மரம். 1876-இல் அங்கிருந்து விதை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குப் போனது. அங்கே முளைத்ததில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அதில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லிதான், மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மறுபடி மறுபடி மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். காப்பி போட்டிருந்த துரைகளின் சட்டைப்பையில் ரப்பர் விதையைத் திணித்து, நடு நடு என்று நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். துரைகள் கடைசியில் நட்டார்கள். நட்டதை வெட்ட நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறினார்கள். பினாங்குத் தோட்டமும் அந்தக் காலத்தில் சிங்கப்பூரோடு ஒரே இலாகா. அதனால் அத்தை பெரிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அவரிடம் சொல்லலாம். ஆனால் முதல் நாளே சொல்லாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். தோட்டம் காலை 5 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும், கட்டணம் கிடையாது. ஐந்து மணிக்குக் கும்மிருட்டாக இருக்கும். 1982-இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து பினாங்கில் ஏழு, ஏழேகாலுக்குத்தான் விடிகிறது. ஏழு மணிக்கு வாசலில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும், அத்தைக்கு அந்நேரத்தில் எழுவது ஒரு விஷயமே இல்லை, உங்கள் கணவரை எழுப்புவதுதான் கஷ்டம். கீழ்ச்சாலையோடு நில்லுங்கள், மேல்சாலை ஏற்றம், முழங்காலுக்கு ஆகாது. வழியில் ஆறு வரும், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க அவசரப்படுத்தாதீர்கள். பெரணி வீடு குளிர்ச்சியாக இருக்கும். பாசி பிடித்த இடம் வழுக்கும், ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பின்வார் உள்ள செருப்பாகப் பாருங்கள். திரும்பும் வழியில் ரோட்டி சானாய், தே தாரேக். கணவரும் வந்தால் அவருக்கும் ஒன்று.

பலகையை மட்டும் படித்துக் காட்டாதீர்கள். அவர் கேட்டால் படியுங்கள்.

*வாசலருகே நாகலிங்க மரம் இருக்கிறது. பூஜைக்கு இரண்டு பூ பறித்தேன், காவலாளி சத்தம் போட்டுவிட்டார். சிவனுக்குரிய பூ, நம் நாட்டு மரம், நமக்கு உரிமை இல்லையா? (பட்டர்வொர்த் வாசகர்)*

ஐயா, காவலாளி பக்கம்தான் நியாயம். பொதுத் தோட்டத்தில் எதையும் பறிக்கக் கூடாது, வில்வமாக இருந்தாலும்.

நம் நாட்டு மரம் என்றீர்களே, அதுவும் இல்லை. நாகலிங்கம் தென் அமெரிக்காவின் வடபகுதிக் காட்டு மரம், பால்மரத்துக்குத் தூரத்து ஊர்க்காரன். கப்பலேறி வந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் இடம் பிடித்ததற்குக் காரணம் அந்தப் பூவின் அமைப்பு. நடுவில் லிங்கம் போல ஒன்று, மேலே படமெடுத்த நாகம் போல ஒரு குடை. இரண்டிலும் உள்ளவை மகரந்தத் தாள்கள்தான். நடு வளையத்தில் இருக்கும் மகரந்தம் இனப்பெருக்கத்துக்கு. குடையில் இருப்பது வண்டுக்கும் தேனீக்கும் போடுகிற சாப்பாடு, அதிலிருந்து விதை உண்டாகாது. இந்தப் பூவில் தேன் கிடையாது. குடைக்குள் புகுந்து சாப்பிடுகிற தேனீயின் முதுகில் நடு வளையத்தின் மகரந்தம் அப்பிக்கொள்ளும், அது அடுத்த பூவுக்குப் போய்விடும். இத்தனை சாமர்த்தியமான ஏற்பாட்டுக்குக் கும்பிடு போடுவதில் தப்பே இல்லை. கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், வாசனையும் அற்புதம்.

பூ கிளை நுனியில் வராது, தண்டிலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் கொத்தில் வரும். காயும் அங்கேதான், பீரங்கிக் குண்டு போல. முற்ற ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அடியில் நிற்காதீர்கள், தலையில் விழுந்தால் எந்தச் சாமியும் காப்பாற்றாது. ஒரு தடவை பள்ளிச் சுற்றுலாவில் என் மாணவன் ஒருவன் விழுந்து கிடந்த காயை உடைத்து, சதையைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். வெள்ளைச் சதை காற்றுப் பட்டதும் நீலப் பச்சையாக மாறும், அந்த மாயத்தை நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நாற்றம்! ஆயர் ஈத்தாம் வரை எல்லா ஜன்னலும் திறந்தபடி வந்தோம். அந்தப் பையன் இப்போது ஒரு பல் டாக்டர்.

*என் மகன் கையிலிருந்த ரொட்டிப் பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. பையன் இரவில் அலறுகிறான். இவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தக் கூடாதா? (நிபோங் திபால் தாய்)*

பாவம் பிள்ளை. அந்தக் குரங்கின் பார்வையில் நடந்ததையும் கொஞ்சம் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கச்சாங்கும் (கடலையும்) வாழைப்பழமும் நீட்டி அதைப் பழக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் சாப்பாடு என்று அது படித்துக்கொண்டது. இன்று நீட்டாதவர்களிடம் பிடுங்குகிறது. ஊட்டுவது தடை என்று பலகை வைத்தாலும் ஒளித்து ஒளித்து ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் புண்ணியம் தேடும் நம் ஆட்களும் உண்டு. அனுமார் பெயரைச் சொல்லி ரோட்டி போடுகிறார்கள்.

பிடுங்கியது கெரா, நீண்ட வால் குரங்கு. தோட்டத்தில் இன்னொரு சாதி இருக்கிறது, லோத்தோங். கரும்சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலைமையாசிரியர் கண்ணாடி போட்ட மாதிரி. அது இலை தின்னி, உயரத்திலேயே இருக்கும், உங்கள் பையைச் சீண்டாது. அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறம்! சில மாதத்தில் சாம்பலாகிவிடும். மகனை மறுபடி கூட்டிப் போய் அந்தக் குட்டியைத் தேடச் சொல்லுங்கள். அலறல் நிற்க அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. லோத்தோங்குக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். இலையை நொதிக்க வைக்கிற அறை அறையான வயிறு அதற்கு, ரொட்டி ஒத்துக்கொள்ளாது.

போகும்போது கையில் சாப்பாடு வேண்டாம், ஜிப் போட்ட முதுகுப் பை போதும். கெரா பக்கத்தில் வந்தால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதன் பாஷையில் இரண்டும் சண்டை. ஓடவும் வேண்டாம், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள். இதெல்லாம் தெரிந்த நானே ஒருமுறை இட்லிப் பொட்டலத்தைப் பறிகொடுத்தேன். சட்னியை மட்டும் திருப்பி எறிந்தது. காரம் போல.

*தோட்டத்துக்குள் அருவியைத் தேடி அலைந்தோம், காணவில்லை. முருகன் கோயில் முதலில் அருவியடியில்தான் இருந்ததாமே? (ஜெலுத்தோங் குடும்பம்)*

அருவி இருக்கிறது, உங்களை விடமாட்டார்கள். அது குடிநீர் இலாகாவின் எல்லைக்குள் இருக்கிறது. ஜார்ஜ் டவுனுக்கு ஆரம்ப காலத்துக் குடிநீர் அந்த அருவியிலிருந்துதான் வந்தது. கோயிலும் முதலில் அருவியோரம் சிறு சந்நிதியாக இருந்து, தண்ணீர் வேலைகளால் இடம் மாறியது என்பதுதான் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வது. இப்போதைய மலைக்கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது, படிகள் 513. தைப்பூசத்தன்று காவடியோடு அதை ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு, தோட்டத்தின் மேல்சாலை ஏற்றம் என்று மருமகளுக்கு எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் இந்தத் தோட்டத்தையே ஒருமுறை முழுங்கப் பார்த்தது. நகருக்குத் தண்ணீர் போதாமல், 1910-இல் தோட்டம் இருக்கும் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்குவது என்று நகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் திட்டம் கைவிடப்பட்டு, 1912-இல் தோட்டம் மறுபடி தோட்டமானது. இல்லையென்றால் நான் இன்று நடக்கிற பாதையில் மீன் நடந்திருக்கும்.

*கோலாலம்பூர் பெர்டானா தோட்டம் பெரியதா, பினாங்குத் தோட்டம் பெரியதா? (கோலாலம்பூர் வாசகர்)*

பினாங்குக்காரியிடம் இதைக் கேட்கிறீர்களே. பரப்பில் உங்களுடையது பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 1888-இல் ஏரியைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் பொழுது போக்கத் தொடங்கிய பூங்கா. 'தாவரத் தோட்டம்' என்ற பெயர் 2011-இல்தான் வந்தது. எங்களுடையது பிறக்கும்போதே தாவரத் தோட்டம், வயதிலும் நாலு வருஷம் மூத்தது. அடுத்த கேள்வி.

*கார் இல்லாதவர்கள் எப்படிப் போவது?*

ஜார்ஜ் டவுன் கொம்தார் கட்டடத்திலிருந்து 10-ஆம் எண் ரேபிட் பஸ். அடுத்த பஸ் வர நேரமாகும், குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

*டீச்சர், தூங்குமூஞ்சி மரம் உண்மையிலேயே தூங்குமா? எங்கள் பள்ளியில் ஒரு மரம் இருக்கிறது. நான் பார்க்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. (நாலாம் வகுப்பு மாணவி, பினாங்கு)*

நீ பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்விடுகிறாய், மரம் அதற்கப்புறம்தான் தூங்கும். மலாயில் அதற்குப் 'பூக்கூல் லீமா' என்று பெயர், ஐந்து மணி மரம். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் குட்டி முழங்கை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். பொழுது சாயும்போது அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் இறங்கிவிடும், இலை மடங்கும். காலையில் தண்ணீர் ஏறும், விரியும். மழை மூட்டமாக இருந்தாலும் மடங்கிக்கொள்ளும். மழை நேராகத் தரையில் விழுவதால், அந்த மரத்தடியில் புல் பச்சையாக இருப்பதை நீ பார்த்திருப்பாய்.

தண்ணீர்மலையில் பெரிய பெரிய தூங்குமூஞ்சிகள் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் படுத்து மேலே பார். ஒரே இலையைக் குறி வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. ஆறரைக்குள் பாதி மடங்கிவிடும். எத்தனை மணிக்கு எவ்வளவு மடங்கியது என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், அதற்குள் வெளியே வந்துவிடு.